யாருக்காக இந்த வடிவம்?

சிருஷ்டி என்றதும், தனியொரு மேதையின் உள்ளத்தில் திடீரென மூண்டெழும் ஒளியையே பலரும் நினைக்கின்றனர். வடிவமைப்புக் கலையைப் பற்றிய பேச்சிலும் இந்த மயக்கம் புகுந்துள்ளது. அழகையும் புதுமையையும் கொண்டே வெற்றியை அளப்போர், இவ்வடிவம் யாருக்காகப் பிறந்தது என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியிலிருந்தே தம் தொழிலைத் தொடங்கிய ஒரு குழுவினரின் பணியை நாம் இங்கு ஆராய்வோம்.

முதலாம் உலகப் போருக்குப் பின் வியன்னா நகராட்சி சமூக சனநாயகவாதிகளின் கைக்கு வந்தது. தொழிலாளருக்கெனக் குடியிருப்புகள் எழுந்தன. ஆயினும், நகர மக்களின் உழைப்பும் வாடகையும் நோயும் மரணமும் அறிக்கைகளின் எண்களுக்குள் புதைந்து கிடந்தன. பகல் முழுதும் உழைத்துக் களைத்தவனுக்கு அவற்றைப் படிக்க ஓய்வுமில்லை, பயிற்சியுமில்லை. இவ்விடரைப் போக்கவே 1925இல் ஒட்டோ நொய்ராத் அந்நகரில் சமூக பொருளாதார அரும்பொருட்சாலையை நிறுவினார். அங்கு உருவான படமொழி 1935இல் 'ஐசோடைப்' என்ற பெயரைப் பெற்றது.

அதன் அடிப்படை விதி எளியது. ஒரு தொகை இரட்டித்ததைக் காட்ட மனித உருவை இருமடங்கு பெரிதாக வரைவோர் உண்டு. உயரமும் அகலமும் இரட்டிக்க, பரப்போ நான்கு மடங்காகிவிடும்; கண் ஏமாறும். நொய்ராத் குழுவினர் உருவைப் பெரிதாக்கவில்லை. ஒரே அளவான உருவங்களின் எண்ணிக்கையையே கூட்டினர். எண்ணத் தெரிந்த எவரும் அப்படத்தைச் சரிபார்க்கலாம். பார்ப்பவனை ஏமாற்றலாகாது என்ற உறுதியே அங்கு வடிவத்தைத் தீர்மானித்தது.

இது தனி மனிதரின் சாதனையுமன்று. புள்ளிவிவர அறிஞர் தகவலைத் தந்தனர். அதில் எதைக் காட்டுவது, எதை விடுவது, எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதை மாரி ரைடமைஸ்டர் போன்றோர் தீர்மானித்தனர். அறிஞருக்கும் மக்களுக்கும் இடையே நின்ற இப்பணியை 'உருமாற்றம்' என்றே அவர்கள் அழைத்தனர். அதன் பின்னரே கெர்ட் ஆர்ண்ட்ஸ் சின்னங்களைச் செதுக்கினார். வர்க்க சமுதாயத்தைத் தம் மரச்செதுக்கு ஓவியங்களில் சாடிய அக்கலைஞர், இங்கு தம் தனித்துவத்தைப் பொதுத் தேவைக்கு அடக்கிக்கொண்டார். 1930இல் 100 வண்ணப்படங்களுடன் வெளிவந்த 'சமூகமும் பொருளாதாரமும்' என்ற தொகுப்பு இக்கூட்டுழைப்பின் கனியாகும்.

ஆனால் இப்பணியை நாம் குறைகாணாது போற்றுவதற்கில்லை. படம் மொழி எல்லைகளைக் கடந்தது என்ற நம்பிக்கை அவர்களிடம் அளவுக்கு மீறி இருந்தது. 1934இல் வியன்னாத் தொழிலாளர் இயக்கம் நசுக்கப்பட்டபின் குழுவினர் ஹேக் நகருக்கும், 1940இல் நொய்ராத்தும் மாரியும் இங்கிலாந்துக்கும் தப்பியோடினர். நொய்ராத் 1945இல் மறைந்தார். ஐம்பதுகளில் மேற்கு நைஜீரியாவின் கல்வி, சுகாதாரத் திட்டங்களுக்குப் படநூல் ஆக்கச் சென்ற மாரி, ஐரோப்பிய உடையணிந்த உருவம் அம்மக்களுக்கு உதவாது என்பதைக் கண்டார். உடையும் வீடும் அந்நாட்டுக்கேற்ப மாறின. படத்துக்கும் ஊருண்டு, வாழ்க்கையுண்டு. அதைக் கற்றுக்கொண்டதனாலேயே அப்பணி அங்கு உயிர் பெற்றது.

மற்றொரு குறை ஆழமானது. வேலையற்றோர் எத்தனை பேர் என்பதை உருவங்களின் வரிசை தெளிவாகச் சொல்லும். அவர்களின் வேலை ஏன் பறிபோனது என்பதை அது தானாகச் சொல்லிவிடாது.

இன்று விமான நிலையங்களிலும் கைத்தொலைபேசித் திரைகளிலும் இத்தகைய சின்னங்கள் நிறைந்துள்ளன. கதவைக் காட்டவும் பொருளை விற்கவும் அவை நன்கு பயன்படுகின்றன. தன் சமுதாயத்தைத் தானே அளந்தறியும் ஆற்றலை உழைப்பாளிக்குத் தரவேண்டும் என்ற ஆதி நோக்கமோ பின்தங்கிவிட்டது. வகுப்பறைச் சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டும் ஆசிரியர், அதிலுள்ள உருவங்களை மாணவரைக் கொண்டே எண்ணச் செய்து, 'ஏன்?' என்ற கேள்வியையும் எழுப்புவாராயின், அந்நோக்கம் மீண்டும் உயிர்பெறும்.