பூச்சியம் எழுதாத கணக்கு

புளியங்குளம் சந்தியிலிருந்து பிரதான வீதிகள் போகும் திசை மூன்றுதான்: தெற்கே ஓமந்தை, வடக்கே கனகராயன்குளம், கிழக்கே நெடுங்கேணி. ஊருக்கொரு நிரை, ஊருக்கொரு நிரல் என்று நாட்டின் வீதிகளைத் தாயமாக (அணியாக) எழுதினால், புளியங்குளத்தின் நிரையில் மூன்றே எண்கள் இருக்கும். பத்தாயிரம் ஊர்கள் என்றால் மிச்சம் 9,997 இடமும் பூச்சியம். காற்றோட்டம், நிலத்தடி நீர், பாலத்தின் தாங்குசக்தி என்று விஞ்ஞான மென்பொருள்கள் தீர்க்கும் தாயங்களும் இப்படி ஐதானவையே. ஒவ்வொரு புள்ளிக்கும் அயல் புள்ளிகளோடு மட்டுமே தொடர்பு.

பூச்சியத்தை விட்டுவிட யாருக்கும் தோன்றும். விட்டபின் மிஞ்சியதை அடுக்குவதில்தான் கைவண்ணம். சிஎஸ்ஆர் (CSR) என்ற அடுக்கு முறை மூன்று பட்டியல்கள் வைத்திருக்கிறது: பெறுமானங்கள், அவற்றின் நிரல் எண்கள், ஒவ்வொரு நிரையும் தொடங்கும் இடம். நிரை முடியும் இடத்தை எழுதுவதில்லை. அடுத்த நிரையின் தொடக்கமே இதன் முடிவு. கடைசி நிரைக்காக ஓர் எண் கூடுதல், அவ்வளவுதான். எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காத சிக்கனம்.

இப்படி அடுக்கிய தாயத்தை, ஊருக்கொரு எண் கொண்ட பட்டியலால் பெருக்குவதுதான் வேலை. கிராஃபிக்ஸ் செயலியில் பெருக்கல் மலிவு. நினைவகத்திலிருந்து எண்ணைக் கொண்டுவருவதுதான் செலவு. பெறுமானத்துக்கு 8 பைட், நிரல் எண்ணுக்கு 4. அந்த 12 பைட்டுக்கு ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் கிடைக்கும். என்விடியாவின் வி100 செயலி செக்கனுக்கு 900 ஜிகாபைட் வாசிக்கும். ஆகவே 15,000 கோடி கணிப்புகளைத் தாண்டாது. உச்சத் திறனோ 7 லட்சம் கோடிக்குக் குறையாது. நூற்றில் இரண்டு பங்கை எட்டினாலே இங்கே பெருமைதான்!

இந்தச் செயலியில் 32 இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்கள்) ஒன்றாக அடியெடுத்து வைக்கின்றன. ஆளுக்கொரு நிரையைக் கொடுத்தால் ஒவ்வொன்றும் நினைவகத்தின் வேறுவேறு மூலையைத் தொடும். படலைக்குப் படலை நின்று ஆளேற்றும் பஸ்தான். ஆய்வாளர்கள் நேதன் பெல்லும் மைக்கேல் கார்லண்டும் 2009இல் அலசிய எல்பேக் அடுக்கு, எல்லா நிரைகளையும் ஒரே நீளமாக்கி, அவற்றின் முதல் எண்களைப் பக்கம்பக்கமாக வைக்கிறது. துரத்திய பூச்சியங்களில் கொஞ்சத்தை வேகத்துக்காகத் திரும்ப அழைக்கிற இந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். நீண்ட நிரை ஒன்று வந்தால் எல்லாம் வீங்கிவிடுமே என்று, அதன் வாலை வெட்டி வேறாகவும் வைத்தார்கள்.

அதிலும் நயமானது, 2014இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொன்னுசாமி சடையப்பனும் சகாக்களும் செய்தது. சிஎஸ்ஆரை அவர்கள் கலைக்கவில்லை. ஒத்த நீளமுள்ள நிரைகளை ஒன்றாகக் கூட்டி, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஏற்ற அளவில் இழைகளைக் கொடுத்தார்கள். மிக நீண்ட நிரைக்கு மட்டும் செயலியே ஓட்டத்தின் நடுவில் புதிய இழைகளை எழுப்பிக்கொள்ளும்.

அர்கோன் தேசிய ஆய்வுகூடத்தின் பெட்ஸி என்ற மென்பொருள் நூலகம் பல கணினிகளுக்கு நிரைகளைப் பங்கிடும். மாவட்டத்துக்கொரு கணினி என்று வைப்போம். புளியங்குளத்தின் அயலூர்கள் மூன்றும் வவுனியா மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. கனகராயன்குளத்துக்கோ முல்லைத்தீவு மாவட்டத்து மாங்குளத்தின் எண் வேண்டும். பெட்ஸி சொந்த நிரல்களை ஒரு துண்டாகவும் அயல் நிரல்களை இன்னொன்றாகவும் பிரித்து, அயல் எண் வந்துகொண்டிருக்கும்போதே சொந்தத் துண்டைப் பெருக்கத் தொடங்கிவிடும். தாயத்தின் வகையை ஓட்டும்போது மாற்றினால் போதும், அதே செய்நிரல் கிராஃபிக்ஸ் செயலிக்குப் போகும். எண்களின் பிரதி மையச் செயலியிலும் கிராஃபிக்ஸ் செயலியிலும் இருக்கையில் எது புதியது என்று ஒரு சிறு குறிப்பு வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டுமே நகலெடுக்கும்.