சிரிப்பான் என்றொரு பெயர்

ஈசாக்கு எபிரெயத்தில் யிட்ஸ்ஹாக். வடிவத்தில் அது வினைமுற்று. தமிழில் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: சிரிப்பான். இனிமேல் சிரிப்பான் என்றும் வழக்கமாகச் சிரிப்பான் என்றும் கொள்ள இரண்டு மொழியும் இடம் தருகின்றன. எழுவாயும் வினைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. சரி, சிரிக்கிறது யாரு? ஆதியாகமத்தின் இந்தப் பகுதியை நான் அந்தக் கேள்வியோடுதான் வாசிக்கிறேன்.

முதலில் சிரிப்பவர் அப்பா. நூறு வயதில் பிள்ளையா என்று ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரிக்கிறார். நீ சிரிச்சேல்ல, அதையே பேரா வை என்பதுபோல, கடவுள் அங்கேயே பெயரை அறிவித்துவிடுகிறார். அடுத்த அதிகாரத்தில் சாராள் தனக்குள் சிரிக்கிறாள். கேட்டதும் பயந்துபோய் இல்லை என்கிறாள். பிள்ளை பிறந்ததும் அதையே கடவுள் தந்த சிரிப்பு என்கிறாள். நம்பாத சிரிப்புக்கும் நெஞ்சு நிறைந்த சிரிப்புக்கும் எபிரெயத்தில் ஒரே வேர்தான்.

கதை கசப்பது 21ஆம் அதிகாரத்தில். ஈசாக்கு பால் மறந்த நாள் விருந்து. ஆகாரின் மகன் ஏதோ செய்வதைச் சாராள் பார்க்கிறாள். மூலத்தில் 'மெட்ஸஹேக்' என்ற ஒற்றைச் சொல், அதே வேர். சிரித்தானா, விளையாடினானா, கேலி செய்தானா? சொல் பிடிகொடுப்பதில்லை. தமிழ் வேதாகமம் 'பரியாசம்' என்று முடிவுகட்டிவிடுகிறது. 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு தன் மனைவி ரெபெக்காளோடு இருக்கையில் அதே சொல் வருகிறது. அங்கே அது 'விளையாட்டு'. ஒருத்தனுக்குக் குற்றம், இன்னொருத்தனுக்குக் கொஞ்சல். சூழல் வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் விளையாட்டு என்றே வைத்தது. தீர்ப்பை வாசகனிடம் விட்டது.

சாராளின் கோபத்தில் எனக்குக் கேட்பது சொத்துச் சண்டை. 'சிரிப்பான்' என்று பெயர் வாங்கியவன் தன் மகன்; அடிமைப்பெண்ணின் மகன் சிரித்தால் அது பங்கு கேட்பது மாதிரி. அடுத்த வசனத்திலேயே வாரிசுரிமையைப் பேசி, இருவரையும் துரத்தச் சொல்கிறாள். அந்தப் பையனின் பெயர் அந்த அதிகாரத்தில் ஒருமுறைகூட வருவதில்லை. ஆனால் வனாந்தரத்தில் கடவுள் அவன் குரலைக் கேட்கிறார். இஸ்மவேல் என்றால் 'கடவுள் கேட்பார்'. பெயரை மறைத்தாலும் பொருள் நடந்துவிடுகிறது.

பிறகு 22ஆம் அதிகாரம், பலி. மகன், ஒரே மகன், நேசிக்கும் மகன் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில்தான் பெயர் விழுகிறது. ஒரே மகனா? இன்னொருவனைத் துரத்தியதால்தானே! எரிக் ஆவர்பாக் 1946இல் வெளியான 'மிமேசிஸ்' நூலில் இந்தக் காட்சியில் சொல்லாமல் விடப்பட்டவற்றைப் பற்றி எழுதிய பக்கங்கள் புகழ்பெற்றவை. அந்த மௌனத்தில் மிச்சமிருக்கும் ஒரே சிரிப்பு பையனின் பெயர்தான் என்பேன். விசுவாசத்தின் சோதனை என்று மட்டும் வாசித்தால் அது காதில் விழாது.

ஆபிரகாம் இறந்ததும் மக்பேலா குகையில் அவரை அடக்கம் செய்ய இரண்டு மகன்களும் வருகிறார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில். அங்கே யாரும் சிரிக்கவில்லை. யாரும் யாரையும் துரத்தவுமில்லை.