மூடுபனியும் மலைநாட்டுப் பார்வையாளரும்

தொடர் கொலைகாரனை நடுநாயகமாக்கும் கதைகள் தமிழ்த் திரையுலகிற்குப் புதியனவல்ல. 2019இல் இணையவழித் தொடராக வெளிவந்த ‘ஆட்டோ சங்கர்’ முதலியவற்றுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வகைக்கு வடிவம் சமைத்த படங்கள் இரண்டு: பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980). இவற்றுள் பின்னது ஊவா மலைநாட்டுப் பார்வையாளரின் தனிக் கவனத்திற்குரியது. அதன் நெறியாளர் மட்டக்களப்பு, அமிர்தகழியில் பிறந்தவர் என்பது ஒரு காரணம். கதை நிகழும் களம் மலையும் பனியும் பங்களாவுமாக அமைவது அதனினும் முக்கியமான காரணம்.

ராஜேந்திரகுமாரின் நாவலொன்றைத் தழுவிய இப்படத்தில், சந்துரு என்னும் இளைஞன் (பிரதாப் போத்தன்) பெங்களூரில் விலைமாதரைக் கொன்று வருகிறான். பின்னர் ரேகாவைக் (ஷோபா) கடத்தி உதகை மலை வீடொன்றில் அடைத்து வைக்கிறான். ஹிட்ச்கொக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தின் சாயல் இதில் வெளிப்படை. ஆயினும் வெறும் போலி எனப் படத்தை ஒதுக்குதல் நேர்மையாகாது. கூச்சலும் குருதியும் இன்றி, மங்கிய ஒளியாலும் மௌனத்தாலும் அச்சத்தை வளர்க்கும் ஆற்றல் பாலு மகேந்திராவுடையது. ஒளிப்பதிவும் அவரே. இளையராஜாவின் நூறாவது படமான இதில், இசையும் தேவையான இடங்களில் அடங்கி நிற்கக் கற்றிருக்கிறது.

எனினும், இக்கலைத்திறன் எதற்குப் பணிபுரிகிறது என்ற வினா எஞ்சுகிறது. சந்துருவின் தாயைத் துன்புறுத்தியவன் அவனது தந்தை. குற்றம் ஆணுடையது, தண்டனை பெறுபவரோ பெண்கள். ‘சிகப்பு ரோஜாக்க’ளிலும் இதுவே நியதி. சிறுவயதில் ஒரு பெண்ணின் பொய்ப்பழிக்கு ஆளானவன் வளர்ந்து பெண்குலத்தையே பழிவாங்குகிறான். கொலைகாரனுக்கு இளமைக்காலமும் கண்ணீரும் காரணகாரியமும் வழங்கப்படுகின்றன; கொல்லப்பட்டவளுக்கோ ஊருமில்லை, உறவுமில்லை. அவள் வாழ்ந்தாள் என்பதற்கு அவளது சாவே சான்று. உளவியல் விளக்கம் என்ற பெயரில் பார்வையாளரின் இரக்கம் முழுவதும் ஒரு பக்கமாகத் திருப்பப்படுகிறது.

கிதாருடன் சந்துரு பாடும் பாடல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஜேசுதாசின் குரலில் அமைந்த அப்பாடல் இன்றும் காதற் பாடலாகவே கேட்கப்படுகிறது. பாடுபவன் கொலைகாரன், கேட்பவள் அவனது சிறையிலிருப்பவள் என்பது எவர் நினைவிலும் தங்குவதில்லை. இசையின் வெற்றியே இங்கு அறத்தின் மறதியாகிவிடுகிறது.

நகரத்துப் பார்வையாளனுக்குப் பனி ஒரு மர்மம். மலை வீடு ஒரு திகில். அப்புத்தளையிலும் பசறையிலும் நமுனுகுலைச் சரிவுகளிலும் வாழ்வோருக்கோ பனி அன்றாடம். அதனூடேதான் பெண்கள் விடியலில் பெரட்டுக்களம் சென்று, கூடை சுமந்து கொழுந்து மலை ஏறுகின்றனர். பங்களாவும் அவர்களுக்குப் புதிரன்று. அதிகாரம் குடியிருந்த இடம் அது. அதன் வாசலில் நிற்கும்போது எழும் அச்சத்திற்கு மனநோயாளி ஒருவன் தேவைப்பட்டதில்லை. தனித்த பாதையில் நடக்கும் பெண்ணின் பயம், அவள் முறையிட்டாலும் நம்பப்படாத நிலை, உழைத்து ஈட்டும் பெண்ணின் ஒழுக்கத்தை ஊர் எடைபோடும் வழக்கம் ஆகியவை அனைத்தும் சாதாரண மனிதரின் சாதாரணச் செயல்களால் விளைபவை. தீமையை ஒரு பித்தனின் தலையிற் சுமத்தும் கதை, மற்றையோர் அனைவரையும் குற்றமற்றவராக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

இன்றைய தொடர்கள் பகுதி பகுதியாக நீள்வதால் அவற்றுக்கு நேரப் பஞ்சமில்லை. கொலைகாரனின் குழந்தைப் பருவத்திற்குச் செலவிடும் நேரத்திற் சிறிதளவை, இறந்தவளின் வாழ்வுக்கும் அவளைத் தேடும் தாய்க்கும் அவை அளிக்கலாம். அவ்வாறு அளிக்கும் படைப்பே இவ்வகையை வளர்ச்சியின் அடுத்த படிக்கு இட்டுச் செல்லும்.

‘மூடுபனி’ தமிழ்த் திரைமொழிக்கு ஒளியையும் மௌனத்தையும் கற்பித்த படம். அப்பெருமையை எவரும் மறுத்தற்கில்லை. ஆனால் அதன் பனி மறைத்தது கொலைகாரனை அன்று, கொலையுண்ட பெண்களை.