எதனால் 16?

படம் தொடங்கும்போது சில நொடிகள் திரையில் நிற்கும் தணிக்கைச் சான்றிதழைப் படித்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழுந்துபோன பெற்றோரை நான் பார்த்ததில்லை. டிக்கெட் வாங்கியாயிற்று, பாப்கார்ன் மடியில் இருக்கிறது. இனி அந்த எழுத்து என்ன சொன்னால் என்ன?

ஆனாலும் அது வீண் எழுத்தல்ல. 1983-க்கு முன்பு பொதுப் படங்களுக்கு யூ, ஏ என்ற இரண்டே பிரிவுகள். பிறகு யூஏ வந்தது. அதுவும் 12 வயதுக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் ஒரே எச்சரிக்கை. நாலு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் அங்கே வித்தியாசமே கிடையாது. இதை வயதுவாரியாகப் பிரிக்கும்படி 2016-லேயே இயக்குநர் ஷியாம் பெனகல் தலைமையிலான குழு சொன்னது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி 7, 13, 16 என்று பிரித்தார்கள். நல்ல மாற்றம், தாமதமாக வந்தாலும்.

எண் வந்துவிட்டது, காரணம் வரவில்லை. யூஏ 16+ என்றால் ரத்தமா, கெட்ட வார்த்தையா, தற்கொலையா? சுவரொட்டியிலும் டிக்கெட் செயலியிலும் கண்ணில் படுவது எண் மட்டும்தான். ஒரு வீட்டுப் பிள்ளைக்குச் சண்டைக் காட்சி விளையாட்டு, பேய் வந்தால் ஒரு வாரம் தூக்கம் போய்விடும். சமீபத்தில் தாத்தாவைப் பறிகொடுத்த இன்னொரு பிள்ளையை, யூ படத்தில் வரும் ஓர் இழவு வீடே உலுக்கிவிடும். பிரிட்டனின் தணிக்கை வாரியம் இன்ன காரணத்தால் இந்த வயது என்று படத்துக்குப் படம் எழுதி வெளியிடுகிறது. இங்கேயும் ஓடிடி தளங்கள் 2021 விதிகளின்படி வன்முறை, போதைப்பொருள் என்று குறிப்புப் போடுகின்றன. வீட்டுச் சோபாவில் கிடைக்கும் இந்தத் தகவல், குடும்பத்தோடு செலவழித்துப் போகும் திரையரங்கில் கிடைப்பதில்லை.

அந்த எண்ணுக்குப் பின்னால் வியாபாரமும் இருக்கிறது. ஏ படத்தைத் தொலைக்காட்சியில் அப்படியே போட முடியாது. தமிழ்நாட்டில் 2011-க்குப் பிறகு சில ஆண்டுகள் கேளிக்கை வரிவிலக்குக்கு யூ சான்றிதழ் தேவைப்பட்டது. எனவே நாலு இடத்தில் வெட்டு, மூன்று வசனத்துக்கு மௌனம், ரத்தத்தின் சிவப்பைக் குறைத்து ஒரு கறுப்பு வெள்ளை என்று பேசி முடிப்பதுண்டு. கழுத்தை அறுப்பவன் மட்டும் கதாநாயகனாகவே இருப்பான். 2025-ல் ‘கூலி’ படத்துக்கு ஏ கொடுத்தபோது, யூஏ கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஏ படத்துக்குத்தான் 18 வயதுக்குக் குறைந்தவர்களை வாசலில் தடுக்கலாம். யூஏ எண்கள் மூன்றும் பெற்றோருக்கான வழிகாட்டல் மட்டுமே, திரையரங்கு அதைச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. முடிவைப் பெற்றோர் கையில் விட்டது சரி. முடிவெடுக்க வேண்டிய விவரத்தைக் கொடுக்காமல் விட்டது சரியில்லை. தணிக்கைக் குழு படத்தை முழுதாகப் பார்த்துத்தான் எண் போடுகிறது; காரணத்தை இரண்டு வரியில் சுவரொட்டியில் அச்சிடச் சொல்வது பெரிய வேலையல்ல.

அதுவரை, எட்டு வயதுப் பிள்ளையோடு கிளம்புகிறவர்கள், ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்த ஒருவரிடம் இடைவேளைக்குப் பிறகு என்னென்ன வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கதை தெரிந்துவிட்டால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.