தப்பாக வாசிக்கும் உரிமை

சமீபத்தில் ஒரு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போயிருந்தேன். கிரிவலம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேனே தவிர, 14 கிலோமீட்டருக்கு என் முழங்கால் சம்மதிக்கவில்லை. ரமணாசிரமம் தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நடக்கிறவர்களின் புண்ணியத்தில் ஏதாவது சிந்தினால் பொறுக்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

ராத்திரி ஒன்பது மணி சுமாருக்கு என்னவோ வந்து நெஞ்சில் மோதியது. முதலில் நெஞ்சு, அப்புறம்தான் காது. பார்த்தால், கயிலாய வாத்தியக் கோஷ்டி. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் ருத்திராட்சம், தோளில் மாட்டிய பெரிய முரசு, வளைந்த கொம்பு, நீள எக்காளம், சங்கு, தட்டு மாதிரி தாளம். இருபது பேர் இருக்கும். நாலைந்து பெண்கள், ஒரு பத்து வயசுப் பையன் உட்பட.

டீக்கு நின்றார்கள். கொம்பு ஊதியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறாராம். முரசுக்காரருக்கு மருந்துக்கடையில் வேலை. தாளம் போட்ட அம்மா டைலர்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"கத்துக்கறதா? ஞாயித்துக்கிழமை ஏரிக்கரையில நின்னு அடிச்சுப் பார்ப்போம் ஐயா. வீட்டுப் பக்கத்துல அடிச்சா உதைப்பாங்க."

"காசு?"

"டீச்செலவே எங்களோடதுதான்."

நான் அப்பப்ப சங்கீத விமரிசனம் எழுதுகிறவன். கை சும்மா இருக்காது. எனவே, விமரிசனம்.

கொம்பு: இதில் துளை கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் கிடைக்கிற சில ஸ்வரங்களோடு திருப்திப்பட வேண்டும். அன்று இரண்டு கொம்பும் இரண்டு சுருதியில் இருந்தன. சமரசத்துக்கான அறிகுறி தெரியவில்லை. முரசு: மொத்தம் மூன்று நடை. மூன்றாவதில் உற்சாகம் தாங்காமல் காலப்பிரமாணம் ஓட்டம் பிடிக்கிறது. தாளம்: டைலர் அம்மா மட்டும் ஓடவில்லை. தைத்த கோடு மாதிரி நேராக இருந்தார். கோஷ்டியைக் கட்டி வைத்திருப்பது அவர்தான் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ!

நல்லது என்ன? இரண்டு விஷயம். ஒரே அடியைப் பத்துப் பேர் அடிக்கும்போது, ஆளுக்கு ஒரு மயிரிழை முன்னே பின்னே விழும். தனித்தனியாக அது பிழை. ஒன்றாகக் கேட்டால் சத்தத்துக்கு ஒரு கனம் வருகிறது. அந்தக் கனம் ஒரு மகா வித்வான் தனியாக அடித்தால் வராது. இன்னொன்று, நிறுத்தம். முன்னால் போனவர் கையைத் தூக்கினார். இருபது பேரும் ஒரே நொடியில் நின்றார்கள். அதற்கப்புறம் வந்த நிசப்தம் இருக்கிறதே, அதற்கு டிக்கெட் போடலாம்.

சரி, இவர்களை எந்தத் தராசில் நிறுப்பது? இங்கேதான் எனக்குச் சிக்கல்.

சங்கீதத்தில் நம் ஊரில் இரண்டே உத்தியோகம். ஒன்று வித்வான். இல்லாவிட்டால் ரசிகன். நடுவே ஒரு நாற்காலி கிடையாது. சுமாராக வாசிக்கிற, சந்தோஷத்துக்காக வாசிக்கிற ஆளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'கற்றுக்குட்டி'. அமெச்சூர் என்ற வார்த்தைக்கு வேர் லத்தீனில் 'நேசிப்பவர்'. அவர்கள் நேசிப்பவர் என்றார்கள், நாம் குட்டி என்றோம்.

விளைவு? உங்கள் வீட்டுப் பரணை எட்டிப் பாருங்கள். பத்தாவது பரீட்சைக்காக உறையில் போட்ட வீணையோ, கீபோர்டோ, வயலினோ நிச்சயம் இருக்கும். 'இனிமே வாசிச்சு என்னத்துக்கு? கச்சேரியா பண்ணப் போறோம்?' என் வீட்டில் அது புல்லாங்குழல். பதினெட்டு வயதில், 'நீ நல்லாக் கேட்பே' என்றார் வாத்தியார். பாராட்டு என்று நினைத்தேன். புரிந்தபோது குழல் பரணுக்குப் போயிருந்தது. நான் விமரிசகனானேன்.

இதில் வேடிக்கை, இந்த ஊர் அப்படிச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஆசிரமத்தில் ரமணர் சமாதி முன் தமிழ்ப் பாராயணம் கேட்டேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சுருதிப்பெட்டி மாதிரிக் குரல்களும் உண்டு, மிக்ஸி மாதிரிக் குரல்களும் உண்டு. யாரும் யாரையும் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை.

இந்த மலையடிவாரத்தில் ஓயாமல் பாடப்படும் அட்சரமணமாலை யாருக்காக எழுதப்பட்டது தெரியுமா? ரமணர் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், கூட இருந்தவர்கள் ஊருக்குள் பிட்சைக்குப் போவார்கள். போகும்போது பாட ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். எழுதித் தந்தார், 108 கண்ணிகள். மேடைக்காக அல்ல, கையில் பாத்திரத்தோடு தெருவில் நடக்கிற, சங்கீதம் தெரிந்தாக வேண்டிய அவசியமில்லாத ஆட்களுக்காக. மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் மார்கழி பஜனை நடத்தினாரே, பின்னால் பாடிக்கொண்டு போன அத்தனை பேரும் வித்வான்களா என்ன?

இன்னும் பின்னால் போனால் காரைக்கால் அம்மையார். சிவன் ஆடும் காட்டில் கேட்கும் கருவிகளைத் திருவாலங்காட்டுப் பதிகத்தில் வரிசையாக அடுக்குகிறார்: கொக்கரை, தக்கை, மொந்தை, குடமுழா என்று. சுற்றிலும் பேய்கள். இந்தக் கோஷ்டிகளைச் சிவகண வாத்தியம் என்றும் சொல்வது பொருத்தம்தான். சிவனுடைய பேண்டில் ஆடிஷன் கிடையாது.

வெளிநாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் கிரைம்தார்ப் என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக 1917-ல் ஒரு பித்தளை வாத்திய பேண்டு ஆரம்பித்தார்கள். பகலில் கரி, சாயங்காலம் கார்னெட். 1992-ல் அவர்கள் தேசியப் போட்டியில் ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பேண்டு மட்டும் இன்றைக்கும் வாசிக்கிறது. 1996-ல் வந்த 'பிராஸ்டு ஆஃப்' படத்துக்கு அந்தக் கதைதான் தூண்டுதல். ஒரு ஊருக்குச் சோறு போட்டதை மூடிய பிறகும் அந்த ஊரை ஊராக வைத்திருந்தது எது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, கச்சேரித் தராசு வேண்டாம். வேறு மூன்று கேள்வி கேட்கலாம். புதுசாக வருகிறவனுக்கு இடம் இருக்கிறதா? அந்தப் பத்து வயசுப் பையனே பதில், பாஸ். சேர்ந்து ஆரம்பித்து, சேர்ந்து முடிக்கிறார்களா? முடிப்பதில் முதல் வகுப்பு.

மூன்றாவது, மற்றவர்களுக்கு இடம் விடுகிறார்களா? இதில் மார்க் குறைக்கிறேன். டீ குடித்ததும் ஆசிரமம் இருக்கும் பக்கத்திலேயே மறுபடி முரசைத் தொட்டார்கள். மௌனத்தைப் போதித்தவர் வாசலில் இது நியாயமா என்றேன். "அவருக்குக் கேட்காமப் போகுமா ஐயா?" என்றார் கொம்புக்காரர். அவருக்குக் கேட்கும். பக்கத்துத் தெருவில் ஜுரத்தில் படுத்திருக்கிற குழந்தைக்கும் கேட்குமே!

இன்னொரு கவலையும் உண்டு. ஏற்கெனவே கோயில்களில் ஸ்விட்ச் போட்டால் அடிக்கும் மேள மெஷின் வந்து, நாகஸ்வரக்காரர் பிழைப்பில் கை வைத்துவிட்டது. 'இவங்க இலவசமா வர்றாங்களே, நாகஸ்வரம் எதுக்கு?' என்று எந்த நிர்வாகியாவது கணக்குப் போட்டால், நேசிப்பவர் வாழ்ந்து, தொழில் செய்பவர் பட்டினி கிடப்பார். பரம்பரையாக வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் நிற்கலாம். அவர் இடத்தில் நிற்கக் கூடாது. ஸ்வாமி புறப்பாட்டில் நாகஸ்வரம் ஆரம்பித்தால் முரசு வாயை மூட வேண்டும். இருபது பேரை ஒரு கையசைவில் நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமா?

இதையெல்லாம் சொல்லி முடித்ததும், வேன்காரர் கோபிக்கவில்லை. கொம்பைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "ஒரு தடவை ஊதுங்க ஐயா."

ஊதினேன். காற்று வந்தது. மறுபடி ஊதினேன். எருமை கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம். பையன் கை தட்டினான். சங்கீதத்துக்காக எனக்கு யாரும் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

ஊர் திரும்பியதும் பரணிலிருந்து குழலை இறக்கினேன். ஓரத்தில் சின்ன விரிசல். நூல் சுற்றினால் சமாளிக்கலாம். தினம் ராத்திரி அரை மணி. "கதவைச் சாத்திக்கிட்டு வாசிப்பா" என்கிறாள் மகள்.

சாத்திக்கொண்டுதான் வாசிக்கிறேன். உங்கள் பரணில் இருப்பதையும் எடுத்துக்கொண்டு நாலு பேர் வந்தீர்களானால், ஏரிக்கரை பார்த்துக்கொள்ளலாம்.