முக்கால் கிலோவுக்குள் ஒரு கைக்கோடாலி

தூத்துக்குடி பழைய துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய இரும்புக் கடை. துருவேறிய ஷாக்கிள்களுக்கும் கிழிந்த லைஃப் ஜாக்கெட்டுகளுக்கும் நடுவே அது கிடந்தது. தலையில் சிவப்புப் பெயின்ட், காம்பு நுனியில் இற்றுப்போன ஒரு சாண் கயிறு. கப்பலின் உயிர்காப்புப் படகிலிருந்து வந்த சரக்கு என்பதற்கு அந்தக் கயிறே சாட்சி. படகின் ஒவ்வொரு முனையிலும் ஒன்று என்று இரண்டு கைக்கோடாலிகள் இருந்தாக வேண்டும் என்பது சர்வதேச விதி; அவசரத்தில் கட்டுக்கயிற்றை வெட்டிவிடுவதற்கு. பெரும்பாலானவை ஒரு வெட்டும் வெட்டாமலே கப்பலோடு ஓய்வு பெற்றுவிடுகின்றன. அதனால்தான் எனக்கு ஆசை வந்தது. கடைக்காரர் 350 ரூபாய் கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன்.

என் தேவை சின்னது. மாதம் ஒருமுறை இரண்டு நண்பர்களோடு பையை மாட்டிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து உடன்குடிப் பக்கம் நடப்போம். இரவு சொந்தக்காரர் ஒருவரின் பனைவிளையில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டுத் தூக்கம். அங்கே விறகு என்றால் பனைமட்டையும் உடைமரமும். மட்டைக்கு ஆயுதம் வேண்டாம், கருக்கு கையைக் கிழிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். உடை, அதாவது சீமைக்கருவேலம், வேறு ஜாதி. விரல் கனத்துக் கிளையை அரிவாள் ஒரே வீச்சில் முடித்துவிடும். மணிக்கட்டு கனத்துக் காய்ந்த கட்டையைப் பிளக்க அரிவாளால் ஆகாது. அதற்குத்தான் கோடாலி. ஆனால் தண்ணீரோடு சேர்த்து எட்டுக் கிலோ பையில் அதற்கு நான் ஒதுக்க முடிந்தது முக்கால் கிலோ.

முதலிலேயே ஒன்று. மலைப்பக்கம் போகிறவர்கள் இதை வாங்கவே வேண்டாம். முண்டந்துறையோ வல்லநாட்டு வெளிமான் சரணாலயமோ, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தீ மூட்டுவதும் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதும் குற்றம். கத்தியே அந்தச் சட்டத்தில் ஆயுதம்தான். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளும் அப்படியே. சொந்த விளை, தெரிந்தவர் தோட்டம், அவ்வளவுதான் நமக்கு.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு கிடைத்தன. கப்பலில் வேலை பார்க்கும் நண்பன் கொண்டுவந்த ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்7. ஃபின்லாந்துக் கம்பெனி, சுமார் 640 கிராம். மற்றது நான் முன்பு ஆன்லைனில் ஏமாந்து வாங்கியது. சுத்தியலும் ஆணி பிடுங்கியும் ஒரே தலையில் சேர்ந்த, பெயர் சொல்ல விரும்பாத ஒன்று. மூன்றாவது உடைக் கட்டையிலேயே அதன் கூர் மடிந்தது. வெற்றிலைக் காம்பைக் கிள்ளலாம். அதோடு அதன் கதை முடிந்தது.

ஃபிஸ்கார்ஸில் எனக்குப் பிடித்தது, தலையைச் சுற்றியே கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக் காம்பை வார்த்திருப்பது. கடற்காற்றில் ஊறி, பங்குனி வெயிலில் சுருங்கும் மரக்காம்பு ஒருநாள் தலையை நழுவ விடும். இதில் அந்தப் பயம் இல்லை. ஆனால் காம்பு போனால் தலையும் போன மாதிரி. எந்த ஆசாரியும் அதற்கு மாற்றுக்காம்பு போட முடியாது. ஸ்வீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் கோடாலிகள்மேல் ஒரு கண் உண்டு, மறைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் அடித்த கொல்லரின் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்திருப்பார்கள். தோலுறையோடு வரும். நம் கடற்கரையில் அந்தத் தோலுறைதான் வினை; உப்பு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். ரப்பர் டியூபை வெட்டி மாட்டிவிடுவது மேல்.

எடையைப் பற்றிச் சரியாகப் பேசியவர் விளையில் பதநீர் இறக்கும் பனையேறிதான். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மரம் ஏறி இறங்குகிறவருக்குக் கிராம் கணக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இடுப்பில் அரிவாள் பெட்டி, அதற்குள் பாளை அரிவாள். வாங்கிப் பார்த்தேன், சவரக்கத்தி மாதிரி மெலிவு. அதை வைத்து உடைக்கட்டையைத் தட்டிப் பார்க்கலாமா என்று நான் வாயெடுத்ததும் பிடுங்கிக்கொண்டார். “எய்யா, பாளைய சீவுதது வேற, விறக பொளக்குதது வேற. பொளக்கதுக்குக் கனம் வேணும்லா.”

அவர் சொன்னதே கணக்கு. கோடாலியில் வேலை செய்வது தலையின் எடை, நம் கை அல்ல. தலை மட்டும் 450 முதல் 550 கிராம், காம்பு ஒன்றேகால் அடி. அதற்குக் குறைந்தால் சுமை லேசு, ஆனால் ஒரு கட்டைக்கு இருபது தட்டு.

பழையது வாங்கும்போது காம்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், காம்பு மாற்றக்கூடியது. தலையை நூலில் தொங்கவிட்டுக் காசால் தட்டுங்கள். மணி மாதிரி ஒலித்தால் சரி, ‘டப்’ என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல். கூரின் ஓரம் நீலமோ ஊதாவோ பூத்திருந்தால் யாரோ கிரைண்டரில் காய்ச்சிவிட்டார்கள், பதம் போயிற்று. அரத்தால் ஓரத்தை லேசாக இழுங்கள். கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்கினால் மிஞ்சிய கடினம், தெறிக்கும். வாழைத்தண்டுபோல அறுபட்டால் வெறும் இரும்பு. சற்றே கவ்வ வேண்டும். பின்மண்டை காளான்போல விரிந்திருந்தால் சுத்தியலால் அடி வாங்கியது. காம்பு நுழையும் ஓட்டையின் ஓரத்தில் விரிசல் தேடுங்கள். மேல்துரு பிரச்சினையே இல்லை. கூருக்குப் பக்கத்தில் குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

என் கப்பல் கோடாலி எல்லாவற்றிலும் தேறியது, ஒன்றில் தவிர: கூர் ரொம்பத் தடிமன். முதல் வெட்டில் உடைக்கட்டை அதைப் பந்துபோலத் திருப்பி அனுப்பியது. இரண்டு சாயங்காலம் தட்டை அரத்தோடு உட்கார்ந்து கன்னத்தைக் குறைத்தேன். ரொம்ப மெலிக்கவும் இல்லை; காய்ந்த உடையின் கணு மெல்லிய கூரைக் கடித்துவிடும். இப்போது கட்டைக்கு மூன்று நான்கு வெட்டு, ஃபிஸ்கார்ஸை விட ஒன்று கூட. திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு.

பழையதை எடுத்துவிட்டுப் புதுக்காம்பு போட்ட இடம் ஒரு கொல்லம்பட்டறை. “புளியா, நாட்டுக்கருவேலா?” என்றார் ஆசாரி. கருவேலுக்கு அதிர்ச்சி தாங்கும் குணம் அதிகம் என்பதால் அதையே சொன்னேன். குலத்தைக் கெடுத்த கோடாலிக்காம்பு என்று பெரியவர்கள் திட்டும்போது எந்த மரத்தை நினைத்தார்களோ. காம்பும் ஆப்பும் கூலியும் 200 ரூபாய். ஆக 550. கறிக்கடைத் தராசில் 710 கிராம்.

எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஆசாரி ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார். 2021 செப்டம்பரில் டி.ஜி.பி. சைலேந்திர பாபு, வெட்டுக்கருவி வாங்குகிறவர்களின் பெயர், முகவரியைக் குறித்துக்கொள்ளச் சொன்னதிலிருந்து அந்தப் பழக்கமாம். காம்பு மாற்றினாலும் எழுதிவிடுகிறார். எழுதினேன். “எதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க” என்றார். மலையேற்றம், முகாம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றேன். அவரே பேனாவை வாங்கி ‘விறகு’ என்று எழுதி நோட்டை மூடினார்.