புள்ளி தங்கும் உயரம்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் மென்பொருள் என்று யாராவது காட்டினால், நான் முதலில் தேடுவது 'நீக்கு' என்ற பொத்தானைத்தான். ககர மெய்யின் தலையில் புள்ளி முழுதாக நிற்கிறதா, பாதி நறுக்கப்பட்டிருக்கிறதா, காணவே இல்லையா? அதைப் பார்த்தாலே போதும், செய்தவர் எழுத்துருவை எப்படி நடத்துகிறார் என்பது தெரிந்துவிடும். மூன்று மேடையிலும் புள்ளி அதே உயரத்தில் நின்றால் அவரைத் தேடிப் போய்க் கைகுலுக்கத் தோன்றும்.

இந்தக் கலையில் எனக்குப் பிடித்தமான கைவினைஞர் பெஹ்தாத் எஸ்பஹ்போத். ஈரானில் பிறந்தவர்; கோப்பில் உள்ள குறிகளைத் திரைக்கான எழுத்துவடிவங்களாக அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் நிரல் அவருடைய கைவேலை. பாரசீகத்தில் 'ஹர்ஃப்' எழுத்து, 'பாஸ்' திறந்தது; ஓப்பன்டைப் என்ற எழுத்துரு வகையின் பெயரையே தாய்மொழியில் சொல்லித் தன் படைப்புக்கு வைத்துவிட்டார். ஃப்ரீடைப் திட்டத்தில் கிடந்த பழைய நிரலிலிருந்து தொடங்கி, பிறகு மொத்தத்தையும் புதிதாக எழுதினார். இந்திய எழுத்துகளுக்கான பகுதியை அவர் சரிபார்த்த விதம் எனக்கு மனப்பாடம். விக்கிப்பீடியாவிலிருந்து மொழிக்கு மொழி சொற்களை அள்ளி, மைக்ரோசாஃப்டின் யூனிஸ்கிரைப் எப்படி வடிக்கிறதோ அதோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டார். தமிழில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேலான சொற்கள்; தவறியவை விரல்விட்டு எண்ணும் அளவே. அந்தக் கணக்கை நிரலோடு சேர்த்தே குறித்தும் வைத்தார். தாய்மொழியல்லாத ஒரு மொழிக்கு ஒருவர் இத்தனை பொறுமையைச் செலவிட்டதை எப்போது நினைத்தாலும் மனம் நெகிழும்.

'கொ' என்ற ஒற்றை எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பில் இருப்பவை இரண்டே குறிகள்: முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி. அந்தக் குறியை ஒற்றைக்கொம்பாகவும் காலாகவும் உடைத்து, கொம்பை மட்டும் ககரத்துக்கு முன்னால் கொண்டுபோய், காலைப் பின்னால் நிறுத்த வேண்டும். இந்தச் சின்ன நடனத்தை முன்பெல்லாம் ஒவ்வொரு மேடையும் தன் போக்கில் ஆடியது. விண்டோஸில் யூனிஸ்கிரைப், மேக்கில் கோர்டெக்ஸ்ட், லினக்ஸில் வேறு. எழுத்தின் அகலத்திலோ இடைவெளியிலோ ஒரு மயிரிழை மாறினால் வரி வேறு இடத்தில் முறியும். வரி முறிந்தால் பத்தி நீளும். பத்தி நீண்டால் பக்கம் தாண்டும்.

அதனால்தான் 2017 பிப்ரவரியில் வந்த லிப்ரேஆபீஸ் 5.3 எனக்கு ஒரு திருநாள். மூன்று மேடைக்கும் ஒரே ஹார்ஃப்பஸ் என்ற அந்த மாற்றத்தில் பெரும்பங்கு எகிப்தைச் சேர்ந்த காலித் ஹொஸ்னிக்கு. அமீரி என்ற அழகான அரபு எழுத்துருவைத் தந்தவரும் அவரே. எழுத்தை வரையத் தெரிந்தவர் நிரலுக்குள் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அதே ஆண்டு ஜாவா 9-உம் ஹார்ஃப்பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் எனக்கும் சில நண்பர்களுக்கும் நெடுநாள் வழக்கு உண்டு. ஊருக்கு ஊர் உடை வேறு, விண்டோஸில் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம், லினக்ஸில் லோகித் என்று அந்தந்த இயங்குதளம் தரும் எழுத்துருவையே உடுத்திவிட்டுப் போகலாம் என்பது ஒரு கட்சி. மூன்று திரையையும் படம்பிடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரு பிக்சல்கூட விலகக் கூடாது என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சியின் மரியாதை புரிகிறது. ஆனால் நிர்மலாவின் அளவுக்கு வெட்டிய பெட்டியில் லோகித்தை உட்காரவைக்கும்போது நெருக்கடி எழுத்துக்குத்தான். இரண்டாம் கட்சியின் பிடிவாதமும் எனக்கு ஒப்பாது. கோட்டைப் பிக்சலோடு பொருத்திக் கூர்மையாக்குவது விண்டோஸின் பழக்கம். வரைந்தவரின் வளைவை அப்படியே விடுவது மேக்கின் பழக்கம். அந்த மைப்பூச்சு அந்தந்த ஊர்க்காரரின் கண்ணுக்குப் பழகியது, அதில் கைவைக்க வேண்டாம். எழுத்தின் வடிவம், அகலம், வரியின் உயரம் ஆகிய மூன்றும் மட்டும் நம் கையில் இருக்க வேண்டும். வரி ஒரே இடத்தில் முறிந்து, புள்ளி ஒரே இடத்தில் நின்றால் போதும். நான் ஒருமைப்பாடு என்று சொல்வது அதைத்தான்.

வடிவத்தையும் அகலத்தையும் ஹார்ஃப்பஸ் பார்த்துக்கொள்ளும். வரியின் உயரம்தான் பலரும் சறுக்கும் இடம். ஓர் எழுத்துருவுக்குள் மேலெல்லை, கீழெல்லை என்று மூன்று ஜோடி எண்கள் கிடக்கின்றன: மேக் பார்ப்பது ஒன்று, பழைய விண்டோஸ் நிரல்கள் பார்ப்பது ஒன்று, அச்சுக்கலைஞருக்கென்று வைத்தது ஒன்று. எழுத்துருவின் அடிப்படை அளவான 'எம்' 1000 அலகு என்று கொள்வோம். மேக்குக்கான ஜோடி 900, 250. விண்டோஸுக்கானது 1000, 300. 16 பிக்சல் எழுத்தில் ஒரு வரி மேக்கில் 18.4 பிக்சல், விண்டோஸில் 20.8. இருபது வரியில் 48 பிக்சல் வித்தியாசம். மூன்று ஜோடியையும் ஒத்துப்போக வைத்த எழுத்துருவைத் திறக்கும்போது, நூல் பிடித்துக் கட்டிய சுவரைத் தடவிப் பார்ப்பதுபோல் இருக்கும். வெளியே யாருக்கும் தெரியாத உழைப்பு அது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மண்டிக் கணக்கரிடம். அங்கே ஓடிய கணக்கு மென்பொருளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. எண்கள் எல்லாம் சரியாக வந்தன. பெரியவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுத் திரையில் விரல் வைத்தார். 'பற்று' என்று இருக்க வேண்டிய தலைப்பு 'பறறு' என்று நின்றது. "தம்பி, புள்ளி எங்க போச்சு? அது இல்லாம இதை எப்படிப் படிக்கிறது?" என்றார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தின் மேல்முனை கொஞ்சம் நறுங்கினாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும், சொல்லே போய்விடும்.

காரணம் தேட மூன்று மாலைகள் பிடித்தன. அந்தக் கட்டத்தின் உயரத்தை நிரல் ஆங்கில எழுத்துருவைக் கேட்டு முடிவு செய்தது. அதில் தமிழ் இல்லாததால் தமிழ் எழுத்துகள் வேறோர் எழுத்துருவிலிருந்து மாற்றாளாக வந்தன. வந்தவர் உயரம் அதிகம். நிலைப்படியில் தலை வெட்டுப்பட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரே வழக்கம்தான். தமிழும் ஆங்கிலமும் ஒன்றோடொன்று பொருந்த வரைந்த எழுத்துருவை மென்பொருளோடு கட்டி அனுப்புவேன். நிரல் தொடங்கும்போதே அதைப் பதிவு செய்வேன். வரியின் உயரத்தைத் தமிழைக் கொண்டே அளப்பேன். பிரியா ரவிச்சந்திரனின் கட்டுமரம் இருக்கிறது, ஏக் டைப்பின் முக்தா மலர் இருக்கிறது. இரண்டுமே திறந்த உரிமத்தில் கிடைப்பவை, கூடவே அனுப்பத் தடை கிடையாது.

இன்றைக்கு நிலைமை மேம்பட்டிருக்க வேண்டும். உலாவியையே உள்ளே வைத்துக் கட்டி வரும் இன்றைய மேசைக்கணினிச் செயலிகள் ஒவ்வொன்றிலும் ஹார்ஃப்பஸ் இருக்கிறது. இருந்தும் மெனுவில் புள்ளி வெட்டுப்படுகிறது. ஆங்கிலத்தைப் பார்த்து வரியின் உயரத்தை இறுக்கி எழுதியவர், தமிழில் ஒரு முறையாவது ஓடவிட்டுப் பார்க்கவில்லை. இன்னொரு அவலம் பொய்த்தடிமன். சாதாரண எடையை மட்டும் கட்டி அனுப்பிவிட்டுத் தலைப்புக்குத் தடிமன் கேட்கிறார்கள். நிரல் வேறு வழியின்றி அதே எழுத்தை மைதடவிப் பெருக்குகிறது. 'ணை'யின் சுழிகள் அடைபட்டுக் கண்மூடிய எழுத்தாகிவிடும். மெய்யான தடிமன் கோப்பு நூறோ இருநூறோ கிலோபைட்தான். பல நூறு மெகாபைட் செயலியில் அதற்கு இடமில்லையா? டிஸ்கி, டாப், டாம் என்ற பழைய குறியேற்றங்களில், எழுத்துருவுக்கு ஓர் உலகமாக அலைந்த நாட்களில் நம்மிடம் கருவி இல்லை, கவனம் இருந்தது. ஒவ்வொரு தலைப்பையும் ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் பார்த்த பிறகுதான் வட்டு வெளியே போகும்.

அந்த மண்டி மென்பொருளைத் திருத்தி எடுத்துப் போன அன்று, பெரியவர் 'பற்று', 'வரவு', 'இருப்பு' என்று ஒவ்வொரு தலைப்பாக விரல் வைத்து வாசித்தார். கடைசித் தலைப்பு வந்ததும் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு கணக்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நான் அனுப்பிய எந்த மென்பொருளும் மூன்று மேடையிலும் 'பற்று' என்ற சொல்லை வாசித்துக் காட்டாமல் வெளியே போனதில்லை.